விடுமுறையில் நியமம் எதற்கு என்பார்க்கு

ஊர்விட்டு ஊர் சென்று சில நாள் இளைப்பாற விரும்பும் கணவனும் மனைவியும், தம் சமய நியமங்களையும் உணவு ஒழுக்கங்களையும் வீட்டு வாயிலிலேயே கழற்றி வைத்துவிட்டுப் புறப்பட வேண்டும் என்று அறிவுரை கூறுவோர் இந்நாளில் பெருகிவிட்டனர். விடுமுறை என்றாலே விதிகளிலிருந்து விடுதலை என்பது அன்னார் வாதத்தின் சாரம். போன இடத்துச் சோற்றை உண்ணாதவன் போன இடத்தைக் காணாதவன் என்று அவர் ஒரு படி மேலேயும் செல்வர். இவ்வாதம் யூதர்களின் கோஷர் விடுதிகளை நோக்கித் தொடுக்கப்படும்பொழுது இன்னும் கூர்மை பெறுகிறது. “மலையும் கடலும் காண வந்த இடத்திலும் இரண்டு சமையலறையா? சனிக்கிழமை மின்விசையைத் தொடலாகாதா? இறைச்சி உண்டபின் தேநீரில் ஒரு துளிப் பால் கிடையாதா? இது விடுதியா, துறவி மடமா?” என்று நகைப்பார் உளர். நகைப்பது எளிது. நகைப்பதற்கு முன் அவ்விடுதி எதற்காக எழுந்தது, யாருடைய கைக்கு அது ஓய்வு தந்தது என்று வினவுவோர் சிலரே.

கோஷர் என்பது எபிரேயச் சொல்லின் வழக்கு. தகுதியுடையது, ஏற்றது என்பது அதன் பொருள். ஹலால் என்னும் சொல்லை அன்றாடம் கடைப்பலகைகளில் காணும் மலேசிய, சிங்கப்பூர் வாசகர்க்கு இதனை விளக்குவது கடினமன்று. பிளவுபட்ட குளம்பும் அசைபோடும் இயல்பும் ஒருங்கே உடைய விலங்கே உண்ணத் தக்கது; எனவே பசுவும் ஆடும் ஆகும், பன்றியும் ஒட்டகமும் முயலும் ஆகா. துடுப்பும் செதிளும் உடைய மீன் ஆகும். இறாலும் நண்டும் ஆகா. அறுப்பதற்குப் பயின்றவன் வேண்டும். குருதி அறவே கூடாதாதலின் இறைச்சியை அரைமணி நேரம் நீரில் ஊறவைத்து, ஒரு மணி நேரம் உப்பிட்டு வைத்துக் கழுவுவர். இவ்வளவில் ஹலாலுக்கும் இதற்கும் சில ஒற்றுமைகள் தோன்றும். முற்றிலும் வேறுபடும் இடம் ஒன்று உண்டு. ஆட்டுக்குட்டியை அதன் தாயின் பாலில் சமைக்கலாகாது என்னும் விலக்கு யூதர் திருமறையில் மூன்று இடங்களில் வருகிறது. இவ்விலக்கை விரித்துரைத்த அறிஞர்கள் பாலும் இறைச்சியும் ஒரே கலத்தில் சேரலாகாது, ஒரே மேசையில் கூடலாகாது என்று வரையறுத்தனர். இறைச்சி உண்டபின் பாலுணவு கொள்ள ஆறு மணி நேரம் காத்திருப்பது பெருவழக்கு. செருமானிய வழியினர் மூன்று மணி நேரமும், ஒல்லாந்து வழியினர் ஒரு மணி நேரமும் காத்திருப்பர். காய், கனி, தானியம், முட்டை, மீன் முதலியன இரண்டிலும் சேராத பொதுவினத்தன. மீனை இறைச்சியோடு ஒரே தட்டில் இடமாட்டார் என்பது தனிச் செய்தி.

இதனால் ஒரு கோஷர் விடுதியில் பாத்திரங்கள் இரண்டு தொகுதி, கழுவுதொட்டி இரண்டு, அடுப்பு இரண்டு, பெரிய விடுதியாயின் சமையலறையே இரண்டு. பெசாக் என்னும் பண்டிகை வாரத்தில் புளித்த மாவுப் பண்டம் எதுவும் விடுதி எல்லைக்குள் இருத்தலாகாதாதலின், அவ்வாரத்திற்கென மூன்றாம் நான்காம் தொகுதிகளும் பெட்டியிலிருந்து வெளிவரும். மஷ்கியாக் எனப்படும் மேற்பார்வையாளர் சமையலறையில் இருப்பார். கீரையின் ஒவ்வோர் இலையையும் வெளிச்சத்திற்கு நேரே பிடித்துப் பூச்சி இருக்கிறதா என்று பார்ப்பதும், அடுப்பைப் பற்றவைப்பதும் அவர் பணியுள் அடங்கும். மாட்டின் பின்தொடைப் பகுதியில் ஓடும் ஒரு நரம்பு விலக்கப்பட்டது. அதனை நுணுக்கமாகக் களையும் உழைப்பு மிகுதியாதலின், பல நாடுகளில் பின்பகுதி முழுவதையுமே வேறு கடைக்கு விற்றுவிடுவர். விடுதிக் கட்டணம் ஏன் உயர்வு என்று முணுமுணுப்பார்க்கு இங்கேயே விடை இருக்கிறது.

இவையெல்லாம் வீண் வேலை என்பாரிடம் வினவத்தக்கது ஒன்றுண்டு. இந்நியமத்தைப் போற்றும் ஒரு தம்பதியர் கோஷர் விடுதி இல்லாத ஊருக்கு விடுமுறைக்குச் செல்வதாகக் கொள்க. அவர் என் செய்வர்? நியமத்தை விடமாட்டார். அது தெளிவு. அப்படியாயின் உணவு எங்கிருந்து வரும்? இரண்டு உறைகளுக்குள் முத்திரையிட்டு வந்த ஆறிய சாப்பாடு, டப்பியில் அடைத்த மீன், பழம், காகிதத் தட்டு. அதுவும் எத்தனை நாளைக்கு? நான்காம் நாள் ஒரு வாடகை வீட்டின் அடுப்பங்கரை திறக்கும். பெட்டியில் கொண்டுவந்த சட்டி வெளியே வரும். சட்டியின் பிடியை யார் கை பற்றும் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ? கணவர் ஏரியில் துடுப்பிட்டுத் திரும்பும்பொழுது மனைவி வெங்காயம் அரிந்துகொண்டிருப்பார். அவர் ஓய்வெடுக்க வந்தார். இவரோ வேறோர் ஊரில் சமைக்க வந்தார். நியமத்தைக் கைவிடச் சொல்லும் நண்பர்கள் இந்தப் பெண்ணின் கையை ஒருகணமும் எண்ணிப் பார்த்தாரில்லை.

இதனைக் கற்பனை என்று தள்ளிவிட வேண்டா. நியூயார்க் நகருக்கு வடமேற்கே கேட்ஸ்கில் என்னும் மலைநாடு உள்ளது. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில், நகரத்தின் நெருக்கடியான குடியிருப்புகளிலும் தையற்கூடங்களிலும் வாடிய யூதத் தொழிலாளர், கோடையில் காற்று வாங்க அம்மலைக்குச் சென்றனர். கற்பாறை மண்ணில் பயிர் விளையாது தவித்த யூத விவசாயிகள் தம் வீட்டு அறைகளை வாடகைக்கு விட்டனர். அவற்றுள் எளியோர்க்கு உரியனவாய் இருந்தவற்றுக்கு ஈத்திய மொழியில் ‘கோஹாலைன்’ என்று பெயர். நீயே சமைத்துக்கொள் என்பது அதன் பொருள். பெயரிலேயே வேலை யாருடையது என்று எழுதி ஒட்டியிருந்தது! பல குடும்பத்துப் பெண்கள் ஒரே சமையலறையைப் பகிர்ந்துகொண்டு, அடுப்பிற்கும் பனிப்பெட்டிக்கும் முறைபோட்டுக்கொண்டு கோடை முழுவதும் சமைத்தனர். கணவன்மார் வாரமெல்லாம் நகரில் உழைத்து வெள்ளிக்கிழமை வண்டியேறி வந்தனர். ஞாயிறு மாலை திரும்பினர். ஆடவர் உழைப்பும் சிறிதன்று. ஆனால் விடுமுறை என்று பெயர் சூட்டப்பட்ட அந்த இரண்டு திங்களில் பெண்ணுக்கு மாறியது அடுப்பு இருந்த ஊர் மட்டுமே.

அந்நிலையில்தான் கோஷர் விடுதி ஒரு விடுதலையாக வந்தது. 1914ஆம் ஆண்டு செலிக் கிராசிங்கரும் அவர் மனைவி மால்கேயும் கேட்ஸ்கிலில் ஒரு பாழ்நிலப் பண்ணையை வாங்கினர். நிலம் விளையவில்லை. விருந்தினரை ஏற்றனர். மால்கே கோஷர் முறையில் சமைத்தார். மகள் ஜென்னி விருந்தினரைக் கவனித்தார். முதற் கோடையில் வந்தோர் ஒன்பதின்மர். கிடைத்த ஆதாயம் 81 டாலர் என்பர். 1919இல் அவர்கள் அருகே பெரிய கட்டடம் ஒன்றை வாங்கினர். பின்னாளில் அது உணவுக்கூடமும் ஆடலரங்கும் விளையாட்டுத் திடலும் தனி அஞ்சல் நிலையமும் கொண்ட ஒரு சிற்றூராகவே வளர்ந்தது. செயற்கைப் பனியைப் பொழிந்து பனிச்சறுக்குத் தளம் அமைத்த முதல் விடுதி எனவும் 1952இல் பெயர் பெற்றது. 1972இல் மறைந்த ஜென்னி கிராசிங்கரை அமெரிக்க விருந்தோம்பலின் வடிவமாகவே அந்நாளையோர் கருதினர். அங்கே ஒரு தையற்காரனின் மனைவி மேசையில் அமர்ந்தாள். வேறொருவர் கொண்டுவந்து பரிமாறினார். வைத்ததை ஐயுறாமல் உண்டாள். உண்ட தட்டை அப்படியே விட்டு எழுந்தாள். நியமத்தையும் விடாமல் ஓய்வையும் விடாமல் ஒரு பெண் ஒரு வாரம் இருக்க முடிந்தது என்பது சிறு செய்தியோ?

இல்லற ஒழுக்கத்திலும் இத்தகைய நுண்மை ஒன்று உண்டு. யூத நெறி மாதந்தோறும் சில நாள் தம்பதியரைப் பிரித்துத் துயிலப் பணிக்கிறது. ஆதலின் அந்நெறியினர் நாடும் விடுதிகளில், சேர்த்துப் போடவும் பிரித்துப் போடவும் ஏற்ற இரு கட்டில்கள் அறையில் இருக்கும். பொது விடுதியின் வரவேற்பு முகப்பில் நின்று, முன்பின் அறியாத பணியாளரிடம், பெரிய கட்டில் வேண்டா என்பதற்குக் காரணம் கற்பித்து நாணி நிற்கும் நிலை அங்கே இல்லை. கேட்காமலே கிடைப்பது பெரிது.

இனி அடுத்த வாதம். “அவர்கள் தம்மைத் தாமே வேலியிட்டுக்கொண்டனர், பிறரோடு கலவாதிருக்கவே தனி விடுதி கட்டினர்” என்பது அது. வரலாறு அறியாமை இதனினும் வெளிப்படையாகத் தோன்றும் இடம் வேறில்லை. 1877ஆம் ஆண்டு கோடையில் ஜோசப் செலிக்மன் என்னும் பெருவணிகர் தம் குடும்பத்தோடு சரடோகா ஊற்றூரில் இருந்த கிராண்டு யூனியன் விடுதிக்குச் சென்றார். அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது அரசின் கடன்பத்திரங்களை விற்றுத் தந்து வடபுலத்திற்குத் துணைநின்றவர் அவர். குடியரசுத் தலைவர் கிராண்டின் நண்பர். முன்னரும் அதே விடுதியில் தங்கியவர். யூதர்க்கு இங்கு இடமில்லை என்று அவரைத் திருப்பியனுப்பினர். அவ்வாணையின் பின்னின்றவர் விடுதியை நிருவகித்த ஹென்றி ஹில்டன். நாடெங்கும் நாளேடுகள் அலறின; ஹில்டனின் பொறுப்பில் இருந்த பெருங்கடையை யூத வணிகர் புறக்கணித்தனர். ஆயினும் விளைந்தது என்ன? ஏனைய விடுதிக்காரர் வெட்கப்படவில்லை, அவ்வழியே பின்பற்றினர். செல்வமும் செல்வாக்கும் ஒருங்கே உடையவர்க்கே இக்கதியாயின், தையற்காரனுக்கு எந்தக் கதவு திறந்திருக்கும்?

இத்தகைய விலக்கு விளம்பரங்களை வெளியிடலாகாது என்று நியூயார்க் மாநிலம் 1913இல் சட்டம் செய்தது. உடனே விளம்பரங்கள் நாகரிகம் கற்றுக்கொண்டன. அருகில் தேவாலயம் உண்டு என்று மட்டும் அச்சிட்டன. படிக்க வேண்டியவர் படித்துக்கொண்டனர். செருமனியில் போர்க்கும் தீவின் கடற்கரை ஊர் யூதரை ஒதுக்குவதையே தன் பெருமையாக விளம்பரம் செய்தது. அதற்கென ஒரு பாட்டும் இசைக்குழுவும் வைத்திருந்தது. 1924இல் அப்பாட்டைத் தடுக்க அரசு அதிகாரிகள் முயன்றும் கைகூடவில்லை. விடுமுறைக்கு வந்தோர் கடற்காற்றில் நின்று குழந்தை குட்டிகளோடு அதனைப் பாடினர். ஹிட்லர் ஆட்சி ஏறுவதற்கு ஒன்பது ஆண்டுகட்கு முன்னர் நிகழ்ந்தது இது. கதவை அடைத்தவன் ஒருவன். அடைத்த கதவுக்கு வெளியே ஒரு குடிசை போட்டுக்கொண்டவன் வேறொருவன். வேலியிட்டவன் யார் என்று கேட்டால் குடிசைக்காரனைச் சுட்டுவது என்ன நேர்மை?

இவையெல்லாம் பழங்கதை என்று கூறிக் கடந்துவிடவும் இயலாது. சுவிட்சர்லாந்தின் அரோசா என்னும் மலையூர், கோடைதோறும் வைதிக யூதக் குடும்பங்கள் பெருந்திரளாக வரும் இடம். 2017ஆம் ஆண்டு ஆகஸ்டு திங்களில் அவ்வூர் அடுக்ககத் தங்குமனை ஒன்றில் ஓர் அறிவிப்பு ஒட்டப்பட்டது. யூத விருந்தினர் நீச்சற்குளத்தில் இறங்குமுன் குளிக்க வேண்டும் என்றது அது. அறிவிப்பு மற்றொன்று, யூத விருந்தினர் குளிர்பதனப் பெட்டியைக் காலையில் ஒரு மணி நேரமும் மாலையில் ஒரு மணி நேரமும் மட்டுமே அணுகலாம் என்றது. உலகெங்கும் கண்டனம் எழுந்தபின் அவை அகற்றப்பட்டன. குளியல் அறிவிப்பின் இழிவைப் பலரும் பேசினர். குளிர்பதனப் பெட்டியைப் பற்றிப் பேசினோர் குறைவு. அப்பெட்டியை அவர்கள் நாடியது ஏன்? தம் உணவைத் தாமே சுமந்து வந்ததனால் அன்றோ! கோஷர் உணவு கிட்டும் விடுதியில் தங்கினால் ஒதுங்கி வாழ்கிறார் என்பர். பொது விடுதியில் தங்கித் தம் உணவைக் கொண்டுவந்தால் பெட்டிக்கு நேரக்கட்டுப்பாடு என்பர். இரண்டில் எதைச் செய்தால் குற்றமில்லை என்பதை மட்டும் எவரும் கூறார். 2024ஆம் ஆண்டு பிப்ரவரியில் டாவோஸ் மலையில் ஒரு கடைக்காரர், சறுக்குவண்டி முதலியவற்றை யூதர்க்கு வாடகைக்கு விடுவதில்லை என்று எபிரேய எழுத்திலேயே எழுதி ஒட்டினார். புரிய வேண்டியவர்க்குப் புரிய வேண்டும் என்னும் அக்கறை போலும்!

அந்நாட்டைப் பற்றி இன்னொன்று. 1893இல் சுவிட்சர்லாந்து மக்கள் வாக்களித்து, விலங்கை மயக்காமல் அறுப்பதை அரசியலமைப்பிலேயே தடை செய்தனர். மக்கள் முன்மொழிவு என்னும் புது உரிமையால் அந்நாட்டு அரசியலமைப்பில் ஏறிய முதல் விதி அதுவே. உயிரிரக்கம் அதற்கு ஒரு காரணம் என்பதை மறுக்க வேண்டா. அவ்விரக்கத்தோடு யூத வெறுப்பும் கைகோத்திருந்தது என்பதையும் மறைக்க வேண்டா. விளைவு யாதெனின், அந்நாட்டுக் கோஷர் மேசைக்கு மாட்டிறைச்சி எல்லை கடந்து வர வேண்டும். சன்னலுக்கு வெளியே மணி கட்டிய பசுக்கள் மேயும். தட்டில் உள்ளதோ வேற்று நாட்டு இறைச்சி. பின்னர் அங்கு வந்து, உள்ளூர் உணவை ஏன் உண்ணவில்லை என்று யூதத் தம்பதியரைக் கேட்பது நல்ல வேடிக்கை.

இனி, நியமத்தில் பற்றில்லாத விருந்தினர்க்கும் சில சொல்ல வேண்டும். யூதரல்லாதாரும், யூதராயினும் நியமம் பேணாதாரும் இத்தகைய விடுதிகளில் தங்குவதுண்டு. கடல் தெரியும் அறை, கொழுத்த காலையுணவு, அமைதி முதலியவை அவரை ஈர்க்கின்றன. இசுரேலிய விடுதிகளின் காலையுணவு புகழ்பெற்றது. அந்நேரத்தில் இறைச்சி இல்லையாதலின், பாலாடைக்கட்டிகளும் தயிரும் முட்டையும் மீனும் பலவகைக் காய்க்கலவைகளும் நீண்ட மேசைகளில் நிரம்பி வழியும். மரக்கறி உண்பார்க்கு அது ஒரு வரம். காலையில் இவ்விதியின் நன்மையை வயிறார நுகர்ந்தவர், மாலையில் இறைச்சி விருந்திற்குப்பின் தேநீருக்குப் பால் கேட்டு, இல்லை என்றதும் பண்பாட்டின் குறுகல் குறித்து விரிவுரையாற்றத் தொடங்குகிறார். காலையில் மேசை நிறைந்ததும் மாலையில் பால்குவளை வராததும் ஒரே விதியின் இரு பக்கங்கள் என்பது அவர்க்குத் தோன்றுவதில்லை. பிற பண்பாடுகளைப் போற்றுதல் என்னும் தலைப்பில் நன்னெறித் தேர்வுத்தாளில் ஒன்றரைப் பக்கம் எழுதி முழுப்புள்ளி பெற்ற மாணவரும், அதனைத் திருத்திய ஆசிரியரும், இந்தத் தேநீர்க் குவளையின் முன் எத்தனைப் புள்ளி பெறுவர் என்பது ஐயமே.

ஓய்வுநாளில் மனக்குறை இன்னும் மிகும். வெள்ளி மாலை, கதிரவன் மறைவதற்குச் சற்று முன்னரே மெழுகுவத்திகள் ஏற்றப்படும். தீ அச்சத்தால் அறைகளில் ஏற்றவொட்டாது, கூடத்தில் ஒரு மேசையில் ஏற்றச் செய்வர். சிறு சுடர்கள் வரிசையாக நிற்கும். அதன்பின் மறுநாள் இரவு விண்மீன் தோன்றும் வரை, ஏறத்தாழ 25 மணி நேரம், நியமத்தார் நெருப்பு மூட்டார், எழுதார், பணம் தொடார், மின்விசை அழுத்தார். மின்தூக்கி தானே ஒவ்வொரு மாடியிலும் நின்று நின்று செல்லும்; பத்தாம் மாடிக்காரர் பொறுமை கற்பார். மின்னட்டைச் சாவிக்கு மாற்றாகப் பழைய இரும்புச் சாவி தருவர். எல்லைக்கயிறு கட்டப்படாத ஊராயின் அச்சாவியையும் சட்டைப்பையில் இட்டுத் தெருவில் நடக்கலாகாதாதலின் முகப்பில் ஒப்படைத்துச் செல்வர். வெள்ளியன்றே அடுப்பில் ஏற்றிய அவரையும் வாற்கோதுமையும் இறைச்சியும் இரவெல்லாம் மெல்ல வெந்து சனி நண்பகலில் மேசைக்கு வரும். வடநாட்டுக் கோடையில் பொழுது சாய்வது மிகத் தாமதமாதலின், இங்கிலாந்துக் கடற்கரை விடுதிகளில் சனி இரவு பத்து மணிக்குப் பின்னரே ஓய்வுநாள் முடியும். அதுவரை கணக்குத் தீர்க்க இயலாது. சனி நண்பகலில் பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்து கணக்கு முடிக்கச் சொல்லும் விருந்தினர் சினப்பதில் வியப்பில்லை.

இங்கே விடுதிக்காரரையும் விட்டுவிடலாகாது. அறையின் அழகையும் கடலின் நீலத்தையும் பக்கம் பக்கமாக வருணித்துவிட்டு, கோஷர் என்னும் ஒரு சொல்லை மூலையில் சிறிதாக அச்சிடும் விடுதிகள் உண்டு. அச்சொல் யாது பொருள் என்பதைப் பதிவு செய்யும்போதே விளக்கினால் சிலர் வாரார், வருவாய் குறையும். அதனால் விளக்கார். வந்தபின் விதியைக் காட்டுவர். விருந்தினரை நியமத்திற்கு உட்படுத்த உரிமை உண்டு. அறியாது உட்படுத்த உரிமை இல்லை. மாலையில் பால் இல்லை, சனிக்கிழமை வரவேற்பும் கணக்கும் இல்லை, வெளியுணவை உணவுக்கூடத்திற்குள் கொண்டுவரலாகாது என்னும் மூன்று வரியை முன்னரே சொல்வதில் என்ன இழப்பு? நியூயார்க் மாநிலம் நெடுங்காலம் பட்டறிந்தே இம்முடிவிற்கு வந்தது. 1915இல் கோஷர் என்று பொய் கூறி விற்பதைத் தண்டிக்கும் சட்டம் அங்கே வந்தது. 1925இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதனை ஏற்றது. ஆனால் எது கோஷர் என்பதை அரசே ஒரு பிரிவினரின் விளக்கப்படி வரையறுப்பது சமயத்தில் தலையிடுவதாகும் என்று 2002இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அச்சட்டத்தைத் தள்ளியது. 2004இல் வந்த புதுச் சட்டம், கோஷர் என்று விற்பவர் யார் சான்றின்படி அவ்வாறு கூறுகிறார் என்பதை வெளிப்படுத்தட்டும் என்றது. சொல்லிவிடு, பின் வருபவர் விருப்பம் என்பதே அதன் நடை.

கோஷர் பாணி என்றொரு சொல்லும் அமெரிக்காவில் உலவுகிறது. சுவை மட்டும் பழைய சுவை. நியமம் ஏதும் இல்லை. அதனை நம்பி அமரும் முதியோர் ஏமாறுவதை எவரும் நகைச்சுவையாகக் கொள்ளார்.

நியமத்தின் பெயரால் எல்லை மீறுவோரையும் கண்டிக்காதுவிடின் வழக்கு ஒருதலையாகும். இசுரேலில் 1983ஆம் ஆண்டுச் சட்டம், கோஷர்ச் சான்று வழங்குவோர் உணவு பற்றிய விதிகளை மட்டுமே நோக்க வேண்டும் என்று வரையறுத்தது. ஆயினும் சான்று என்னும் தாளைக் கையில் வைத்திருந்த சமய அதிகாரிகள், மணவிருந்துக் கூடத்தில் வயிற்றசைவு நடனம் நிகழ்ந்தால் சான்றைப் பறிப்போம் என்றனர். விடுதிகளில் கிறித்தவப் பண்டிகை மரத்தையும் ஆங்கிலப் புத்தாண்டுக் கொண்டாட்டத்தையும் அவ்வாறே அச்சுறுத்தினர். நடனப் பெண் ஒருவர் நீதிமன்றம் ஏறினார். 1990இல் உச்ச நீதிமன்றம், சமையலறையைச் சாராத காரணத்திற்காகச் சான்றை மறுக்கலாகாது என்று தீர்ப்பளித்தது. தீர்ப்பு சரியானதே. இறைச்சி உப்பிடப்பட்டதா என்று பார்க்க வந்தவர் ஆடுபவளின் உடையை அளக்கத் தொடங்கினால், அவர் காப்பது நியமத்தையன்று, தம் அதிகாரத்தை. விருந்தினர் சமையலறை வாயிலில் தம் விருப்பத்தை நிறுத்திக்கொள்ள வேண்டும் எனில், மேற்பார்வையாளரும் அதே வாயிலில் உள்ளேயே நிற்க வேண்டும். தம்பதியர் மாலையில் எந்த நடனத்தைக் காண்பர், எவ்வுடை உடுப்பர், எந்த நாட்காட்டியின் புத்தாண்டுக்கு வாழ்த்துக் கூறுவர் என்பன அவர் ஏட்டில் ஏற வேண்டியன அல்ல.

நியமம் தானே உதிர்ந்துவிடும், விடுதிகளும் அதனோடு மறையும் என்று கூறுவோர் கேட்ஸ்கிலைச் சான்று காட்டுவர். மறைந்தது உண்மைதான். 1964ஆம் ஆண்டுக் குடிமை உரிமைகள் சட்டம் விடுதிகளில் சமய, இன வேறுபாடு பார்ப்பதை நாடு முழுவதும் தடை செய்தது. கதவுகள் திறந்தன. குளிர்காற்று எந்திரம் நகரத்து வீட்டிற்கே வந்தது. வானூர்தி புளோரிடாவுக்கும் ஐரோப்பாவுக்கும் எளிதில் கொண்டுசென்றது. கிராசிங்கர் 1986இல் மூடப்பட்டது, கான்கார்டு 1998இல், 1907இல் தொடங்கிய குட்சர் 2013 வரை தாக்குப்பிடித்து மறு ஆண்டு இடிக்கப்பட்டது. கிராசிங்கரில் எஞ்சிய கட்டடமொன்றும் 2022இல் தீக்கிரையாயிற்று. நியமத்தைத் தளர்த்திக்கொண்டவர்க்கு இதனால் இழப்பில்லை. அவர்க்கு உலகமே விடுதியாயிற்று.

நியமத்தை விடாதவர் உதிர்ந்தாரில்லை. புரூக்ளினின் ஹசீதியக் குடும்பங்கள் இன்றும் கோடைதோறும் அதே மலைக்குப் போகின்றன. பெருவிடுதிகளின் விலைக்கும் ஆடம்பரத்திற்கும் எட்டாத அவர்கள் வரிசை வரிசையான சிறு மரவீடுகளில் தங்குகின்றனர். ஞாயிறு இரவோ திங்கள் காலையோ கணவன்மார் நகரத்திற்கு வண்டியேறுகின்றனர். வார முடிவில் திரும்புகின்றனர். இடைப்பட்ட நாள்களில் குழந்தைகள் மரநிழலில் ஆடுகின்றனர். வெள்ளிக்கிழமை வந்ததும் ஒவ்வொரு வீட்டுச் சன்னலிலும் கோழிச் சாற்றின் ஆவி படர்கிறது. பொழுது சாயுமுன் ஓய்வுநாள் உணவு முழுவதும் ஆயத்தமாக வேண்டும். அடுப்பின் முன் நிற்பவர், 1910இல் நின்றவரைப் போன்றே ஒரு பெண்.